இருபத்தைந்தாவது கையெழுத்து

கான்சாஸ் சமவெளியில் ஹாஸ்கெட் என்றொரு சின்ன ஊர். அங்கே சனிக்கிழமை எந்த வீட்டில் எவள் அடிபட்டாள் என்பது திங்கட்கிழமை காலையில் திர்சா கோல்பிக்குத் தெரிந்துவிடும். யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. பாதி ஊரின் அழுக்குத்துணி அவள் கொல்லைக்குத்தான் வரும். தலையணை உறையில் ரத்தம் என்றால் மூக்கு. சட்டைக் கழுத்தில் என்றால் காது. உள்பாவாடை மட்டும் தனியாகச் சுருட்டி மூட்டையின் அடியில் கிடந்தால், வயிற்றில் இருந்தது உதையில் போய்விட்டது. திர்சா எதையும் கேட்கமாட்டாள். ரத்தம் பட்டதைத் தனியே எடுத்துப் பச்சைத்தண்ணீரில் போடுவாள். வெந்நீர் பட்டால் கறை நிலைத்துவிடும். போட்டுவிட்டு அந்த வீட்டுக்காரியின் பெயரை மனதுக்குள் ஒரு முறை சொல்லிக்கொள்வாள்.

ஊர் ஆண்கள் அவளுக்கு வைத்த பெயர் சோப்புப் பிசாசு. வைத்தவர்கள் எல்லாரும் அவள் வெளுத்த சட்டையைத்தான் போட்டுக்கொண்டு திரிந்தார்கள், அது வேறு விஷயம்.

அவள் பிறந்தது ஒஹாயோவில், பீப்பாய் செய்கிறவன் வீட்டில். அப்பன் செய்த பீப்பாய் எல்லாம் விஸ்கி ஆலைக்குப் போகும், ஆலை கூலியில் பாதியை விஸ்கியாகவே தரும். திர்சாவுக்குப் பதினொரு வயதாகும்போது, பீப்பாய் வளையம் இறுக்கும் மரச்சுத்தியலால் அப்பன் அம்மாவின் மண்டையில் அடித்தான். அம்மா சாகவில்லை. நான்கு வருஷம் நாற்காலியில் உட்கார்ந்து பெற்ற மகளைப் பார்த்து "நீ யாரும்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதனால் திர்சா குடிக்காதவனாகத் தேடித்தான் கல்யாணம் செய்துகொண்டாள். ஈனோக் கோல்பி சத்தியமாகக் குடிக்காதவன். கான்சாஸுக்கு வந்து, ஒரு கோடையில் வெட்டுக்கிளி இறங்கி நின்ற பயிரையும் வேலிக்கம்பத்தின் பட்டையையும் சேர்த்துத் தின்றுவிட்டுப் போகும்வரைக்கும் குடிக்காதவன்.

அப்புறம் குடித்தான். வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலால் அவளுடைய காறை எலும்பை உடைத்தான். ஒரு பிப்ரவரியில் எட்டு வயது மகள் ஆடியை வண்டியில் வைத்துக்கொண்டு வெறியில் குதிரையை அடித்து ஓட்டி, உறைந்த ஓடையில் வண்டியைக் குப்புறக் கவிழ்த்தான். அவனுக்கு ஒரு கீறல் இல்லை. வீட்டுக்கு வந்து படுத்துத் தூங்கிவிட்டான். பிள்ளையைப் பனியிலிருந்து தூக்கி வந்தவர் மருந்துக்கடை ஓரின் பீஸ். நான்கு மணிநேரம் அவர் அந்தச் சின்னக் கால்களை பிராந்தி விட்டுத் தேய்த்தார். உதட்டில் சொட்டுச் சொட்டாக விட்டார். பிள்ளை ஒருமுறை கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுச் செத்தது. பீஸ் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு அழுதபடியே வெளியே போனார். திர்சா அதே ஆரக்காலை எடுத்துக்கொண்டு புருஷன் படுத்திருந்த அறைக்குள் போனாள். அவனுடைய முழங்கால் இரண்டையும், வலது முழங்கையையும், பிறகு மூக்கையும் உடைத்தாள். அடித்து முடித்ததும் கை வலித்ததாம், அவ்வளவுதான் ஞாபகம் இருந்தது அவளுக்கு. எழுந்து நடக்க முடிந்ததும் ஈனோக் ஊரைவிட்டே போய்விட்டான். ரொம்ப நல்லது.

அதற்குப் பிறகுதான் வெள்ளை ரிப்பன் சங்கம். மதுவிலக்கும் பெண்களுக்கு ஓட்டும் வேண்டும் என்று, நெஞ்சில் வெள்ளை ரிப்பன் குத்திக்கொண்டு பெண்கள் கூடும் சங்கம். ஹாஸ்கெட்டில் அதற்குத் தலைவி திர்சா. சாராயக் கடைகளைச் சட்டம் முன்பே மூடியிருந்தது. ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தேழாம் வருஷம் ஊராட்சித் தேர்தலில் மட்டும் பெண்கள் ஓட்டுப்போடலாம் என்றும் வந்தது. முதல் நாள் திர்சா வரிசையில் நின்றபோது, குதிரை லாயக்காரன் ஒருவன் சும்மா வம்புக்காக "இவளுக்கு வயசு பத்தாது, நான் ஆட்சேபிக்கிறேன்" என்றான். யாராவது ஆட்சேபித்தால் ஓட்டுப்போட வந்தவர் வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்தாக வேண்டும். நாற்பத்துநான்கு வயதுக்காரி, சலவைக் காரம் பட்டு வெடித்த கையைத் தூக்கி, தனக்கு இருபத்தொரு வயது நிரம்பியது என்று சத்தியம் செய்தாள். ஆண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். திர்சாவும் சிரித்தாள். அன்றைக்கு அவளை எதுவும் தொடவில்லை.

அந்தச் சந்தோஷம்தான் கெடுத்தது. மருந்துக்காக மட்டும் மருந்துக்கடையில் மது விற்கலாம் என்று சட்டம் ஒரு சந்து விட்டிருந்தது. அதற்கு உரிமம் வேண்டுமென்றால் ஊரில் நல்ல பெயருள்ள இருபத்தைந்து பெண்கள் சொந்தக் கையால் எழுத்துப்போட வேண்டும். மறு வருஷம் மார்ச்சில் ஓரின் பீஸ் தாளை எடுத்துக்கொண்டு சங்கக் கூட்டத்துக்கே வந்துவிட்டார்.

"சிஸ்டர் கோல்பி, உங்களுக்குத் தெரியாததா? ஆடிக்கு அன்னிக்கு என்கிட்ட இருந்தது அரை பாட்டில். முழுசா இருந்திருந்தா..." என்று நிறுத்தினார்.

அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. அப்போது அவர் அதை நம்பினார்.

திர்சா கையுறையைக் கழற்றினாள். அதுவரை அந்த மாநிலத்தில் எந்தக் காகிதமும் பெண்ணின் கையெழுத்துக்காகக் காத்து நின்றதில்லை. நிலப் பத்திரத்தில்கூட ஈனோக்தான் கிறுக்கியிருந்தான். இப்போது ஒரு நீதிபதி இருபத்தைந்து பெண்கள் சொன்னால் கேட்பாராம்! முதல் பெயராகத் தன் பெயரை, கொக்கி வளைவெல்லாம் வைத்து, அழகாக எழுதினாள். அவள் போட்டதைப் பார்த்து மற்றவர்கள் முண்டியடித்துக்கொண்டு போட்டார்கள். எழுதத் தெரியாத இரண்டு பேர் போட்ட கீறலை மட்டும் நீதிபதி அடித்துவிட்டார். கீறல் செல்லாது, பெயரை முழுசாக எழுத வேண்டும் என்றார். அந்த இரண்டு இடத்தையும் நிரப்ப அக்கம்பக்கத்தில் எழுதத் தெரிந்தவர்களைத் தேடினார்கள். அதில் ஒருத்தி திர்சாவின் அடுத்த வீட்டுக்குப் புதிதாக வந்திருந்த லாட்டி கிரப்.

மது வாங்குகிறவன் என்ன நோய் என்று புத்தகத்தில் எழுத வேண்டும். ஹாஸ்கெட்டில் அந்த வருஷம் வந்த வயிற்றுவலி எந்த ஊரிலும் வந்திருக்காது. சனிக்கிழமையானால் நாற்பது ஆண்களுக்கு ஒரே நேரத்தில் வயிறு வலிக்கும். கடையின் பின்னறையில் நாற்காலி வந்தது, மேசை வந்தது, சீட்டுக்கட்டு வந்தது. நல்ல மனுஷர் பீஸ் முதலில் சங்கடப்பட்டார். பிறகு பழகிக்கொண்டார்.

லாட்டிக்கு இருபத்திரண்டு வயது. புருஷன் வர்ஜில் கிரப் கிணறு தோண்டுகிறவன், கைகள் இரண்டும் மண்வெட்டிப் பிடிபோல இறுகியிருக்கும். செப்டம்பரில் தலையணை உறை. அக்டோபரில் உள்பாவாடை. நவம்பரில் ஏப்ரன் பையைத் திர்சா உதறியபோது ஒரு பல் விழுந்தது, வேரோடு.

அன்று அவள் கேட்டாள்.

"எங்கடி குடிச்சான்?"

"எங்க குடிப்பாரு, பீஸ் கடையிலதான்." லாட்டி வாயைக் கையால் மூடிக்கொண்டே பேசினாள். "நான் கேட்டேன்க்கா, ஏன் அங்க போறீங்கன்னு. உங்க கோல்பி அம்மா கையெழுத்துப் போட்டுக் குடுத்த விஸ்கிடி, புனிதமான விஸ்கின்னு சொல்லிட்டு அடிச்சாரு."

திர்சா பல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு ஈரக்கையோடு நீதிபதியைப் பார்க்கப் போனாள்.

"என் பேரை எடுத்துடுங்க ஐயா."

"முடியாதும்மா. போட்டது போட்டதுதான். மார்ச் கடைசித் திங்கள் மத்தியானம் பன்னிரண்டு வரைக்கும் உரிமம் செல்லும்." நீதிபதி கண்ணாடியைத் துடைத்தார். "உங்க கையெழுத்துக்கு மதிப்பு வேணும்னு நீங்கதானே கொடி பிடிச்சீங்க? மதிப்புன்னா இதுதான்."

"அப்புறம்?"

"அப்புறமும் விக்கணும்னா பீஸ் அந்தப் பன்னிரண்டு மணிக்குள்ள புதுசா இருபத்தஞ்சு பேர்கிட்ட வாங்கித் தரணும். கள்ளக் கையெழுத்துன்னு யாராவது சொன்னா ஒவ்வொருத்தியா கூப்பிட்டு என் முன்னாடி எழுதச் சொல்லுவேன். அவ்வளவுதான் நான் பண்ண முடியும்."

மார்ச் வரைக்கும் லாட்டி உயிரோடு இருப்பாளா என்று சட்டத்தில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. ஜனவரியில் திர்சா பதினொரு பெண்களைக் கூட்டிக்கொண்டு பீஸ் கடைக்குப் போனாள். முதலில் மண்டியிட்டு ஜெபம் செய்தார்கள். பின்னறையிலிருந்து ஒருவன் வந்து எச்சில் துப்பும் குடுவையை அவர்கள் தலையில் கவிழ்த்தான். திர்சா எழுந்தாள். கொப்பரையில் துணி கிண்டும் கனத்த தடியைப் பாவாடைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். முதல் வீச்சில் அலமாரியின் ஒரு தட்டு பாட்டில் போயிற்று, இரண்டாவதில் நிலைக்கண்ணாடி, மூன்றாவதில் குடுவையைக் கவிழ்த்தவனுடைய தாடை. மற்ற பெண்களும் கையில் கிடைத்ததை எடுத்தார்கள். தரையெல்லாம் கண்ணாடி, அதன்மேல் விஸ்கி, அதன்மேல் ரத்தம், யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. ஊர்க்காவல் பார்க்கும் மார்ஷல் டாப்ஸ் வந்து துப்பாக்கிக் கட்டையால் திர்சாவின் வாயில் அடித்தார். முன்பல் இரண்டு போயின. பத்து நாள் சிறை.

வெளியே வந்தபோது புதுப் பீப்பாய் ரயிலில் வந்து இறங்கியிருந்தது. லாட்டியின் ஒரு காது கேட்காமல் போயிருந்தது.

பிறகு திர்சா தடியைக் கீழே வைத்துவிட்டு வீடு வீடாக ஏறினாள். துணி மூட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது வாசலிலேயே பேசுவாள். "உங்க வீட்டுத் தலையணை உறையை நான்தான் தோய்க்கிறேன் சிஸ்டர். எனக்குத் தெரியும். பீஸ் வந்தா போடாதீங்க." சிலர் கதவைச் சாத்தினார்கள். சிலர் அழுதார்கள். புருஷனுக்குப் பயந்து போட்டவர்கள் இருந்தார்கள், பீஸிடம் மருந்துக்குக் கடன்பட்டதால் போட்டவர்களும் இருந்தார்கள். கடைசி வாரம் ஊருக்கே கணக்குத் தெரிந்துவிட்டது. பீஸிடம் இருபத்துநான்கு பெயர். இன்னும் ஒன்று வேண்டும்.

மார்ச் கடைசித் திங்கட்கிழமை காலையில் திர்சாவின் கொல்லையில் பெரிய இரும்புக் கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது. சாம்பல் காரம் போட்ட தண்ணீர், நுரை பொங்கிப் பொங்கி அடங்கியது. லாட்டி வேலியைத் தாண்டி ஓடி வந்தாள், தலைமுடி அவிழ்ந்து, காலில் செருப்பில்லாமல்.

"அக்கா, நான் ஒருத்தி போட்டா வருஷம் பூரா எங்க வீட்டுக்காரருக்குச் சும்மா ஊத்தறாராம் பீஸ். அதுக்காக இவரு காலையிலேர்ந்து அடிக்கிறாரு. நான் போடல."

அவளுக்குப் பின்னாலேயே வர்ஜில் வந்தான். அவனுக்குப் பின்னால், தாளும் மைக்கூடும் பேனாவுமாக, ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஓரின் பீஸ்.

திர்சா தடியை எடுத்துக்கொண்டு குறுக்கே நின்றாள். "வேலியைத் தாண்டாத வர்ஜில்."

"தள்ளுடி கிழவி. என் பொண்டாட்டி கை, என் கை."

"உன் கையிலதான் அஞ்சு விரல் இருக்கே, நீயே போட்டுக்கோ."

அவன் வந்தான். தடி அவன் தோளில் இறங்கியது, அவன் அதைப் பொருட்படுத்தவே இல்லை. தடியைப் பிடுங்கி அதன் முனையால் அவள் விலாவில் குத்தினான். உள்ளே ஏதோ முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. விழுந்தாள். பூட்ஸ் காலால் மறுபடி அதே இடத்தில் உதைத்தான்.

"மிஸ்டர் கிரப், மிஸ்டர் கிரப், இதெல்லாம் வேண்டாம்," என்றார் பீஸ். ஆனால் தாளைப் பிரித்துத் துணிப்பலகைமேல் வைத்தார். மணி பதினொன்றே முக்கால். நீதிமன்றம் தெருக்கோடியில்தான்.

வர்ஜில் லாட்டியின் முடியைப் பிடித்து இழுத்துவந்து பேனாவைக் கையில் திணித்தான். அவள் விரலை மடக்கிக்கொண்டாள். உடனே அவன் முடியை விட்டான். திர்சாவின் பக்கம் நடந்து போய், தடியை இரண்டு கையாலும் அவள் தலைக்குமேல் ஓங்கினான்.

"சரி, நீ போடாத. இந்தக் கிழவி மண்டையை உடைக்கிறேன். மூணு எண்ணுவேன். ஒண்ணு."

அம்மாவின் நாற்காலி திர்சாவின் கண்முன் வந்தது. போட்டுவிடு பெண்ணே, என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"போடாத லாட்டி!"

"ரெண்டு."

லாட்டி பேனாவைப் பார்த்தாள். திர்சாவைப் பார்த்தாள். பேனாவைத் தாளின்மேல் வைத்துவிட்டு, நாலே எட்டில் கொப்பரைக்குப் போய், சட்டைக்கையை மேலே சுருட்டி, வலது கையைக் கொதிக்கிற காரத்தில் மணிக்கட்டுவரை விட்டாள்.

அந்த அலறலைக் கேட்டு மூன்று தெருவில் ஜன்னல் திறந்தது. வர்ஜிலின் கையிலிருந்து தடி விழுந்தது. பீஸ் மைக்கூட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடி, அவளை இடுப்போடு பிடித்து இழுத்து, ரத்தத்துணி ஊறிய பச்சைத்தண்ணீர்த் தொட்டியில் கையை அமுக்கினார். மெலிசான தோல் கையுறை மாதிரி கழன்று தண்ணீரில் மிதந்தது. அவர் வாந்தி எடுத்தார். எடுத்துவிட்டுக் கடைக்கு ஓடி எண்ணெயும் பஞ்சும் கொண்டுவந்தார். பன்னிரண்டு மணி அடித்தது. தாள் துணிப்பலகையின் மேலேயே கிடந்தது. அதை எடுத்துப்போக அங்கே யாருக்கும் கை வரவில்லை.

"வலி தாங்கமாட்டா," என்றார் பீஸ், பாக்கெட்டிலிருந்து சின்ன பிராந்திக் குப்பியை எடுத்து, திர்சாவைப் பார்க்காமல். "நீங்க சரின்னு சொன்னாத்தான்."

திர்சா விலாவைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்து வந்தாள். குப்பியை வாங்கினாள். லாட்டியின் தலையை மடியில் வைத்து, பல் கிட்டித்திருந்த வாயைத் திறந்து, தன் கையாலேயே ஊற்றினாள்.

மார்ஷல் டாப்ஸ் வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "கையை அவளே விட்டிருக்கா. யாரைப் பிடிக்கச் சொல்றீங்க? கொப்பரையையா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். திர்சாவின் விலாவைப் பற்றி எழுதிக்கொள்ளக்கூட இல்லை.

அந்த வாரம் முழுக்க லாட்டி திர்சாவின் கட்டிலில் கிடந்தாள். திர்சா தரையில் கிடந்தாள். ஆரக்காலை எடுத்த நாளில்கூட அவள் தன்னை இப்படி வெறுத்ததில்லை. ஒருமுறை சிந்திக்காமல் கையெழுத்துப் போட்டாள், இன்னொருமுறை சிந்திக்காமல் போடாதே என்று கத்தினாள். இரண்டுக்கும் விலை கொடுத்தது இந்தப் பெண்.

"நான் போடுன்னு சொல்லியிருக்கணும்டி," என்றாள் ஒரு காலையில்.

"சொல்லியிருந்தாலும் போட்டிருக்கமாட்டேன்," என்றாள் லாட்டி. "நீங்க என்ன, எனக்கு எஜமானியா?"

அடுத்த செவ்வாய்க்கிழமை ஊராட்சித் தேர்தல். மார்ஷலை வேலைக்கு வைத்திருந்த மேயர் மறுபடி நின்றார். பள்ளிக்கூடத்தில் ஓட்டுப்பெட்டி. திர்சா முன்னால் போய் நிற்பாள் என்று பெண்களெல்லாம் வழிவிட்டார்கள். அவள் போகவில்லை. விலாவைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு, தடியை ஊன்றி, லாட்டிக்குப் பின்னால் நின்றாள்.

லாட்டி இடது கையால் ஓட்டுச்சீட்டை நீட்டினாள்.

"ஆட்சேபிக்கிறேன்!" என்று ஒரு குரல் வந்தது. சுவரோரம் நின்ற வர்ஜில். வேறு எங்கோ குடித்துவிட்டு வந்திருந்தான். "அவளுக்கு இன்னும் இருபத்தொண்ணு ஆகல. பொய் சொல்றா. நான் புருஷன், எனக்குத் தெரியாதா?"

திர்சா தடியை இறுக்கினாள். லாட்டி திரும்பிப் பார்க்காமலே, "அக்கா, வேண்டாம்," என்றாள்.

தேர்தல் அதிகாரி வயதானவர், தானியக் கிடங்கு வைத்திருப்பவர். பழக்கதோஷத்தில், குனிந்தபடியே, சத்தியப் பிரமாண அட்டையை எடுத்துக்கொண்டு சொன்னார்: "வலது கையைத் தூக்கும்மா."

"கட்டை அவிழ்த்துவிடுங்கக்கா."

திர்சா அவிழ்த்தாள். ஒவ்வொரு சுற்றும் ஒட்டிக்கொண்டு வந்தது. கடைசிச் சுற்று போனதும் லாட்டி கையைத் தோளுக்குமேல் தூக்கினாள். வரிசையில் இருந்த ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வர்ஜில் சுவரைப் பார்த்து நின்றான்.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "போதும், போதும், கையைக் கீழ விடு தாயி. சீட்டைக் குடு."

"சத்தியம் இன்னும் பண்ணலையே," என்றாள் லாட்டி. "அட்டையில இருக்கிறதைப் படிங்க. முழுசும் படிங்க."

அவர் படிக்க ஆரம்பித்தார். இரண்டாவது வரியில் குரல் உடைந்தது.

"எனக்கு ஒரு காது கேக்காதுங்க. சத்தமா."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து திரும்பப் படித்தார். படித்து முடிக்கும்வரை அந்தக் கை மேலேயே இருந்தது.